ஆம்பளை ரூம், பொம்பளை ரூம்

அப்பா,

உப்பளத்திலிருந்து வந்ததும் முதலில் சாப்பிடு. மீன் குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மேரிசெல்வி அக்காவிடம் கொடு.

நேற்று "படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா"ன்னு கத்தினாயே, அதற்குப் பதில் இது. நாம் சுற்றுலா போகிற கப்பல் கல்யாண மண்டபம் இல்லை. ஆம்பளைக்கு ஒரு ரூம், பொம்பளைக்கு ஒரு ரூம் என்று கப்பல் ஆபீசுக்கு நீயே போன் பண்ணிப் பெயர் கொடுத்திருக்கிறாய். பாய் எடுத்து வரலாமா என்று வேறு கேட்டாயாம், போனை எடுத்த பொண்ணு இன்னும் சிரிக்கிறாள். உன் பேரன் அறிவழகன் பெயரும் ஆம்பளை ரூமில்தான் இருக்கிறது. அவனுக்கு ஒன்பது மாசம். ராத்திரி பாலுக்கு அழுதால் நீயா கொடுப்பாய்? கேட்டால், "அவனும் ஆம்பளதானே" என்கிறாய்.

நான் மாற்றச் சொல்லிவிட்டேன். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு கேபின். நீ, அம்மா, நான் இன்னொன்று. புக்கிங் உன் பெயரில் இருப்பதால் இன்று நாலு மணிக்கு உன்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்பார்கள். "எம்பொண்ணு சொன்னதுதான்" என்று மட்டும் சொல். வேறு ஏதாவது பேசினால் நான் கப்பலுக்கே வரமாட்டேன்.

பூவிழி

அம்மாவோடு ஒரே ரூமா என்று சொந்தக்காரர்களை நினைத்து வெட்கப்படாதே. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது.

அம்மாவையும் கேட்டுவிட்டேன். "கொறட்ட விட்டா வெளிய போய் படுக்கச் சொல்லு" என்றாள். ஆனால் பையில் முதலில் எடுத்து வைத்தது உன் புது வேட்டியைத்தான்.