காப்பு அவிழும்வரை

16 ஜூலை 1961, ராகலை

நாளைக் காலை கதிர்காமத்துக்கு நடை. சித்திரையில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, என்னைக் கேட்காமலே வீட்டுக்காரி முருகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். வாக்கு அவளுடையது, கால் என்னுடையது.

மாலையில் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாயாண்டி எங்கள் கையில் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டினார். ஆண்டுதோறும் கூட்டத்தை அழைத்துப் போகிறவர் அவர்தான். காப்புக் கட்டினால் கறி, சாராயம், பீடி கூடாது. பேர் சொல்லியோ முறை சொல்லியோ யாரையும் கூப்பிடக் கூடாது, எல்லாரும் எல்லாருக்கும் சாமி.

வரிசையில் எனக்கு அடுத்து நின்றவர் சின்னராசா. என் தங்கை மீனம்மாவின் புருஷன். சில வருஷத்துக்கு முந்திய வேலைநிறுத்தத்தில் நாங்கள் வெளியே நின்றபோது அவர் சங்கம் வேலைக்குப் போனது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் அவரைக் கருங்காலி என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே லயத்து வரிசையில் குடியிருக்கிறோம், நடுவில் நாலு காம்பரா வீடு, அவ்வளவுதான் தூரம்.

ஆவணியில் அவர் மகள் பூரணிக்குக் கல்யாணம். பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் தாய்மாமன், நான். ஆனால் அவர் வெற்றிலைத் தட்டோடு வந்து அழைக்காமல் நான் எப்படிப் போய் நிற்பது? தட்டு வரவில்லை. ஒன்றுவிட்ட தம்பி எவனையாவது நிறுத்திவிடுவார்களோ?

17 ஜூலை

மழை. நடந்தோம்.

19 ஜூலை, வெலிமடை

நூர்தீன் நானா தன் கடையில் எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. "எங்களுக்காகவும் கேளுங்க" என்றார். கடை வாசலில் பீடி மணம். இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

சின்னராசா முன்னால் முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு போகிறார். நான் கடைசியில். இதுவரை அவர் முதுகைத்தான் பார்க்கிறேன்.

21 ஜூலை

எல்ல ஊர் மலை இறக்கம் முழங்காலைத் தின்றுவிட்டது. அரோகரா சொல்லக்கூட மூச்சில்லை. ஏறும்போது இறக்கத்துக்கு ஏங்கினேன், எனக்கு வேண்டியதுதான்.

24 ஜூலை, புத்தளைக்கு அப்பால் காட்டில்

பாதையெல்லாம் யானை லத்தி, சூடு ஆறாதது. பாதத்தில் கொப்புளம் உடைந்து நான் பின்தங்கிப் போனேன். கூட்டத்தின் சத்தமே கேட்கவில்லை. பயந்துதான் போனேன், ஏன் மறைக்க வேண்டும்?

வளைவில் ஒருவர் நின்றிருந்தார். தூக்கி வந்த வேலை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு, சின்னராசா.

"மூட்டைய இப்படிக் குடுங்க, சாமி."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. "வேணாம் சாமி" என்றேன். அவர் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "மெதுவா, சாமி. வேர் கெடக்கு." பொழுது சாயும்வரை அவ்வளவுதான். வேர் கிடக்கு, கல் கிடக்கு, தண்ணி குடிங்க.

கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

25 ஜூலை

செல்லக் கதிர்காமத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டு, இருட்டும் முன் கதிர்காமம் சேர்ந்தோம். கோயிலில் சிலைக்குப் பதில் தொங்கும் திரைக்கு முன் நின்றபோது காய்ச்சல் போனதற்கு நன்றி சொல்ல மறந்தே போனேன். பூரணியின் மாலை ஒன்றுதான் மனசில் வந்தது.

26 ஜூலை

கதிரமலை ஏறினோம். சின்னராசா ஏற்றினார் என்று எழுத வேண்டும். கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

27 ஜூலை

தீர்த்தம் முடிந்தது. மாணிக்க கங்கையில் முழுகி எழுந்ததும் காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டேன். கரையேறிப் பீடி பற்றவைத்தேன். அலுப்பு, வேறென்ன?

"என்ன சாமி இது! கட்டின கோயில்லதானே அவுக்கணும்" என்று மாயாண்டி தலையில் அடித்துக்கொண்டார். சின்னராசா என் வெறுங்கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

28 ஜூலை, பஸ்ஸில்

பக்கத்து இருக்கைதான். ஒரு பேச்சில்லை. அப்ப காட்டுல பேசினது என்னோட இல்ல, கையில கெடந்த மஞ்சக் கயித்தோடதான். அதையும் நானே அவுத்து ஆத்துல விட்டுட்டேன். ஒரு பீடிக்காக! பொறுக்க முடியாதவன் எதுக்கு நடந்தேன்?

6 ஆகஸ்ட்

நாலு காம்பரா தள்ளி, கல்யாணத்துக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். என் வீட்டுக்காரி என் காலை மடியில் எடுத்து வைத்தாள். புண்ணுக்கு எண்ணெய் போட்டாள்.

17 ஆகஸ்ட், ஆவணி பிறந்தது

காலையில் வாசலில் சின்னராசாவும் மீனம்மாவும். அவர் கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம்.

நான் எழுந்து நிற்கக்கூட மறந்தேன். "இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்று வாய் முந்திக்கொண்டது. பாழாய்ப்போன வாய்.

"நீங்க ஆத்துலயே அவுத்துட்டீங்க மச்சான், ஒங்களுக்கென்ன?" என்றார். "என் கையில காப்பு கெடந்துச்சு. கல்யாணப் பேச்சு எடுக்கலாமா? ஒங்கள சாமின்னும் கூப்பிட முடியல, மச்சான்னும் கூப்பிடக் கூடாது. பஸ்ஸுல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இங்க வந்து கோயில்ல அவுத்தா, ஆடி முடியல."

மீனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். "அன்னைக்குக் களத்துல..." என்று நான் தொடங்கினேன். "தட்ட வாங்குங்க மச்சான், கை வலிக்குது" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.

3 செப்டம்பர்

பூரணிக்கு மாலை எடுத்துக் கொடுத்தேன். மணவறைப் பலகை தடுக்கி, புண் ஆறாத கால் இடறியது. யாரோ பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்தார்கள்.

"மெதுவா, சாமி."