ஓடிப்போன ராசாவின் மனைவி

நோர்வூட்
14.07.2025

அன்புள்ள பிரேமினிக்கு,

கணேசமூர்த்தி எழுதுவது. இங்கே மழைக்கு மட்டும் குறைவில்லை. மகள் சுலக்ஷனா ஹட்டன் விடுதியில் நன்றாகப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து என் சமையலில் ஒரு வாய் வைத்ததும் அவளுக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது.

குவைத் மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்பதாகப் போனில் சொன்னாய். "போடேன், இங்க யாரு அழுவுறா" என்றேன். போனைப் பிடித்தாலே என் வாய்க்குக் கோமாளித்தனம் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நான் காவல் பார்க்கும் பழைய துரை பங்களாவில், சாப்பாட்டறைச் சுவரில் பெரிய எண்ணெய்ச் சாயப் படம் இருக்கிறதே, இளஞ்சிவப்பு மேகம், கொழுகொழுக் குழந்தைகள், பட்டும் முத்துமாகப் பெண்கள்? அது யுத்தக் கூடாரமாம். அத்தனை பட்டையும் அங்கே யார் அயர்ன் பண்ணினார்களோ! ராசா முன்னால் ஒருத்தி மண்டியிட்டிருப்பாள். தோட்டத்து லயம் வீடுகளுக்குக் கூரைத் தகரம் கேட்கிறாள் என்று தங்க வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிப் பெயர் வாங்கியிருந்தேன். சமையல்கார ஆண்டியப்பன் மட்டும், "இல்லண்ணே, வேலைக்குப் பேரு பதியச் சொல்றா" என்பான்.

போன வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து புனிதவதி டீச்சர் வந்து தங்கினார். சரித்திரம் படிப்பித்தவர். "பிழையாச் சொல்லுறியள்" என்றார். படம் ரொக்கோக்கோ என்கிற பழைய ஐரோப்பிய பாணியாம். மண்டியிடுகிறவள் பாரசீக ராசாவின் தாய், பக்கத்தில் அழுகிறவள் பெண்டாட்டி. போரில் தோற்றதும், படத்தில் நிற்கிற இந்த எதிரி ராசாவிடம் அவர்களை விட்டுவிட்டுப் பாரசீக ராசா ஓடிவிட்டானாம். பிறகு எதிரிக்கே கடிதம் எழுதினானாம், பெண்டாட்டியை அனுப்பி வை என்று.

ஆண்டியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "வந்துட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "இல்லை. அங்கயே செத்துப்போனா" என்றார். அன்று முதல் அந்தப் படத்தைத் துடைப்பது நானில்லை, ஆண்டியப்பன்தான்.

நீ புறப்பட்ட அன்று, வேன் வந்த நேரத்தில் கோழி ஓடிவிட்டது, பிடித்து வருகிறேன் என்று நான் தேயிலைக்குள் போனேனே, ஞாபகமிருக்கிறதா? வேன் சத்தம் தேயும்வரை அங்கேயே குந்தியிருந்தேன். கோழி கூட்டில்தான் இருந்தது, பிரேமினி.

கையெழுத்துப் போடாதே. மேடம் கோபித்தால் கோபிக்கட்டும். வரும் தேதியை மட்டும் சொல், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முதல் நாளே வந்து நிற்கிறேன். மாரியம்மன் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
மூர்த்தி