கல் யாளியில் விட்டுப்போன வரி

என் மாப்ள சேகருக்கு,

கல் யாளி கார்டு திருத்தி அச்சாகி வந்துவிட்டது. இந்த முறை சரியாக இருக்கிறது. நீ போய் ஏழு மாதம் கழித்து இதைச் சொல்கிறேன். விளையாட வருகிறவர்களும் படிக்கட்டும் என்று ரஃபி இந்தக் கடிதத்தைத் தன் கடை மாடிச் சுவரில் ஒட்டப்போகிறான். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

கடையில் வாங்கிய மாயாஜாலக் கார்டு விளையாட்டோடு சேர்த்து ஆட, நாம் சொந்தமாகத் தமிழில் கார்டுகள் செய்தோம். செய்யாறு கம்பெனி பஸ்ஸில் போகும்போது நீ விதிகளை யோசித்து வாய்ஸ் மெசேஜில் அனுப்புவாய். பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் போடும் அதே கம்ப்யூட்டரில் நான் படம் வரைந்து, அதன் கீழே விதியை டைப் செய்வேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கெட்டி அட்டையில் அச்சடிப்போம். ஞாயிறு மதியம் ரஃபியின் செல்போன் கடை மாடியில் எட்டுப் பேர் கூடி ஆடுவோம். நீ பெரும்பாலும் ஷிஃப்ட் முடித்து ஆட்டம் முடியும் நேரத்துக்குத்தான் வருவாய்.

கல் யாளிக்கு நான் பார்டரில் பல முறை போட்ட யாளியையே எடுத்துக் கல் நிறம் கொடுத்தேன். நம் கார்டுகளிலேயே அழகானது அதுதான். ஆட்டத்தைக் கெடுத்ததும் அதுதான். அது யார் கைக்கு வந்ததோ அவர் ஜெயித்தார். எதிரி எந்தப் பிராணியை விட்டாலும் யாளி மறித்து நின்றது.

"பலம் ஏழு ரொம்ப ஜாஸ்தி. நாலாக் கொறடா," என்றேன்.

"கொறைக்க முடியாது மச்சான். ஒழுங்கா ஆடிப் பாரு. ரெண்டு சின்னப் பிராணிய ஒன்னு பின்னால ஒன்னு உட்டா போதும், உள்ள பூந்துடலாம்."

"எத்தினி உட்டாலும் தடுத்துகினே இருக்குது. நீ ஆடறதே இல்ல, சும்மா பேசற."

எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னேன். நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. தங்கை வீட்டுக்காரன், எங்கே போய்விடப் போகிறான் என்று இருந்துவிட்டேன்.

பிறகு காய்ச்சல். ஆரணியில் இரண்டு நாள், வேலூரில் ஆறு நாள். என்னை உள்ளே விட்டது இரண்டு முறை. கார்டைப் பற்றிப் பேச அது இடமில்லை என்று நினைத்தேன். வேறு எதையும் பேசவும் இல்லை. உன் கால் பக்கம் போர்வை விலகியிருந்தது, இழுத்துவிட்டேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். ஒன்பதாம் நாள் காலையில் உன் உடம்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகு யாளியைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. "அவன் போட்ட கார்டு. அதுல கை வைக்காத," என்றான் ரஃபி. யாளி வந்ததும் எதிரே இருப்பவர் தோற்றதாகவே கார்டுகளைக் கவிழ்த்துவிடுவார். அப்படி ஆடுவதில் என்ன இருக்கிறது? எட்டுப் பேர் ஐந்தாகி, மூன்றானோம். உன் முகத்தைப் போட்டு ஒரு கார்டு செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. உன் முகத்துக்கு என்ன பலம் எழுதுவது?

போன மாதம், உன் கார்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுத் தங்கை கலாவிடம் கொடுக்கப் போனேன். அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "உக்காருண்ணா, ஒரு ஆட்டம் ஆடலாம்," என்றாள்.

"உனுக்கு ஆடத் தெரியுமா?"

"அவரு ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா சாயங்காலம் டீ குடிச்சிகினே ஆடுவோம். எந்தக் கார்டா இருந்தாலும் பேப்பர்ல கிறுக்கி எங்கிட்டதான் மொதல்ல ஆடிப் பாப்பாரு."

என் கூடப் பிறந்தவள். எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லையா, நான் கேட்கவில்லையா?

என் கைக்குக் கல் யாளி வந்தது. இறக்கினேன். அவள் ஒரு எலியை விட்டாள், யாளி தடுத்தது. உடனே ஒரு ஓணானை விட்டாள். அதையும் தடுத்துவிட்டேன் என்றேன்.

"எப்பிடி? யாளிதான் தூங்கிடுச்சே."

"தூங்கறதா? கார்டுல அப்பிடி ஒன்னும் இல்லியே."

அவள் கார்டை வாங்கி இரண்டு முறை படித்தாள். "இத எழுதினது யாரு?" என்றாள்.

உன் வாய்ஸ் மெசேஜ் என் போனில் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதைப் போட்டேன். பஸ் சத்தத்துக்கு நடுவே உன் குரல்: "யாளி நிக்கற வரைக்கும் எதுவும் உள்ள வர முடியாது. பலம் ஏழு." நடுவில் யாரிடமோ ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாய். பிறகு: "ஆனா ஒரு வாட்டி தடுத்துச்சின்னா தூங்கிடணும். அடுத்த சுத்துலதான் எந்திரிக்கும். அத உட்டுடாத மச்சான், அதான் மேட்டரே."

அதைத்தான் விட்டிருக்கிறேன். நீ ஜன்னலைப் பற்றிப் பேசியதும் செய்தி முடிந்தது என்று நிறுத்தியிருப்பேன். உனக்கு விதி மனப்பாடம். அச்சான கார்டை நீ படிக்கவே இல்லை. எனக்கு நான் டைப் செய்ததுதான் விதி. அன்று இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினோம், வேறு வேறு கார்டைப் பற்றி.

கலா என் பக்கம் திரும்பினாள். "இந்த ஒரு வரிக்காடா ரெண்டு பேரும் பேசாம இருந்தீங்க?" என்றாள். என்னை "டா" போட்டது அன்றுதான் முதல் முறை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூங்கினாலும் ஏழு ஜாஸ்திதான். அஞ்சு போதும்னு அவராண்ட தலபாடா அடிச்சிகினேன். கேக்கல," என்றாள்.

மூன்று ஞாயிறு, நானும் அவளும் ரஃபியும் ஆடிப் பார்த்தோம். ஏழில் ஆட்டம் இழுத்தது. நாலில் யாளியை யாரும் சட்டை செய்யவில்லை. ஐந்தில் இரு பக்கமும் யோசித்து ஆட வேண்டியிருந்தது. ஆக, உன் ஏழும் இல்லை, என் நாலும் இல்லை.

பழைய ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். ரஃபிதான், "எங்களாண்ட சொல்லிட்ட. அவனாண்ட சொன்னியா?" என்றான்.

சேகர், தப்பு என்னுடையது. நீ சரியாகத்தான் செய்திருந்தாய்.

இப்போது ஆறு பேர் வருகிறார்கள். கலாவும் வருகிறாள், பெரும்பாலும் ஜெயிக்கிறாள். அடுத்த கார்டு அவளுடையது. நேற்றுதான் அதன் விதியைச் சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் அழுகை வந்து நிறுத்திவிட்டாள். நான் எதையும் டைப் செய்யவில்லை. அவள் மீதியைச் சொல்ல எத்தனை நாள் ஆனாலும் சரி, முழுதும் கேட்ட பிறகுதான் எழுதுவேன்.

உன் மச்சான்,
பாபு