பெயின்டால் எழுதிய பூஜ்யம்

பிப்ரவரி 3

அன்புக் குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் பேசினால் உனக்குச் சரியாகக் கேட்காது. செய்தி அனுப்பினால் திறந்தே பார்க்க மாட்டாய். அதனால்தான் தபால்.

அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பாப்பா கல்லூரியில் இரண்டாம் வருடம். முகம் அப்படியே உன் முகம். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவதும் உன்னைப் போலத்தான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருடம். தலைமை ஆசிரியை நாற்காலியை யாருக்கு விடுவது என்று இப்போதே இழுபறி.

வார்டின் காசநோய் ஒழிப்புக் குழுவுக்கு நான் தலைவி என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நீ வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தின் வாசலில்தானே எங்கள் பலகை நிற்கிறது. நாடு முழுக்க இந்த நோயை ஒழிக்க அரசு ஒரு வருடம் குறித்திருக்கிறது. நம் வார்டு அதற்கு முன்பே முடித்துவிடும் போலிருக்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கினோம். 'புதிய நோயாளிகள்: 0.' அடுத்த மாதம் சான்றிதழ் தர வருகிறார்கள்.

இனி விஷயம். கொஞ்ச நாளாக எனக்கு இருமல். சாயங்காலமானால் உடம்பு கதகதக்கிறது. வளையல் முழங்கைவரை ஏறுகிறது. வெளியூரில் ஒரு டாக்டரிடம் படம் எடுத்துப் பார்த்தேன். உனக்கு அன்று வந்ததுதான்.

மாத்திரைகளை என் பெயர் வராமல் கொடுத்தனுப்ப உன்னால் முடியாதா? உங்கள் வரிசையில் நான் எப்படி உட்காருவேன்? என் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். கூடப்பிறந்தவளாக நினைத்துக் கேட்கிறேன்.

பிரியத்துடன்,
அக்கா

*

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

முடியாது.

நேரில் வா. சளி கொடு. பெயர் கொடு.

மாத்திரையைக் கொடுத்தனுப்புவது என் வேலை இல்லை. என் கண் முன்னால் விழுங்க வைப்பதுதான் என் வேலை. வாயைத் திறக்கச் சொல்வேன். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் என் இடது காதைக் காட்டுவேன்.

உனக்கு மறந்திருக்கும். அம்மா அப்பா போன பிறகு நான் உன் வீட்டில் இருந்தேன். பின்பக்கம், துணி துவைக்கும் அறை. சோப்பு வாசனை. ஜன்னலைச் சாத்தியே வைத்தாய், இருமல் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று. இந்த நோய்க்கு முதல் மருந்தே காற்று என்பதை வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் நான் விடுதியில் தங்கிப் படிப்பதாகச் சொன்னாய். உன் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. அப்போது எனக்கு இரண்டு காதும் இருந்தன.

மருந்து வாங்கும் இடத்தில் உன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். அடுத்த நாளிலிருந்து நீ என்னை அனுப்பவில்லை. "உடம்புதான் தேறிடுச்சே" என்று சொன்னாய். தேறவில்லை. நோய் திரும்பி வந்தபோது மாத்திரைக்கு அடங்கவில்லை. ஊசி. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஊசி. நோய் போனது. கூடவே, அந்த ஊசியால், காதும்.

அத்தானும் பாப்பாவும் சோதனைக்கு வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் உன் அறையில் உட்காருபவர்களும்.

நோய் உறுதியான அன்று பலகையை மாற்றுவேன். மற்ற வார்டுகளில் எல்லாம் எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார்கள், அது மாறும் என்பதால். பூஜ்யத்தைப் பெயின்டால் எழுத வைத்தது நீ ஒருத்திதான்.

இதை உதவி என்று நினைத்துவிடாதே.

இப்படிக்கு,
சுகாதாரப் பணியாளர்

*

மார்ச் 2

குட்டி,

தினமும் விடிந்ததும், மற்றவர்கள் வரும் முன்பே, உன் எதிரில்தான் உட்காருகிறேன். ஆனாலும் உனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. நீ மாத்திரையைத் தவிர வேறெதையும் என் கையில் தருவதில்லை, ஒரு வார்த்தைகூட. மற்றவர்களுக்குக் காகிதக் கோப்பை. எனக்கு மட்டும் அந்த எவர்சில்வர் டம்ளர். அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. உன் டம்ளர் என்று தனியாகத் தெரிய அன்று நான் வைத்தது. இத்தனை வருடம் இதைப் பத்திரமாக வைத்திருந்தாயா?

அது போகட்டும். நீ நடு வெயிலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, தின்னர் ஊற்றித் துணியால் பூஜ்யத்தைத் தேய்த்தாயாம். சுண்ணக்கட்டியால் ஒன்று போட்டாயாம். வார்டே அந்த 'ஒன்று' யார் என்று தேடுகிறது.

நேற்றுக் குழுக் கூட்டம். மளிகைக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். சான்றிதழுக்கு உலை வைத்தது பின்தெருத் தையல்காரராகத்தான் இருக்கும், அவர்தான் எப்போதும் இருமுகிறார் என்றார். பஞ்சுத் தூசி என்று யாரோ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கண்டுபிடித்து வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி செய்ய வைக்க வேண்டுமாம். தைக்கக் கொடுத்த துணிகளை ஜனங்கள் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போகிறார்களாம். "நீங்க என்ன சொல்றீங்க டீச்சரம்மா" என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இருமல் வந்தது. தண்ணீர் குடித்து அடக்கினேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றேன்.

வெளியூரிலிருந்து வந்து போன ஆள் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அடங்கிவிடும். சொல்ல மாட்டாய். நீ பழி வாங்குகிறாய். அப்போது என் நிலைமை அப்படி. கைக்குழந்தை, புது வேலை, மாமியார் வீடு. உனக்கு எங்கே புரியும்.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

ஆமாம். பழிதான்.

எப்படி இருக்கும் என்று எத்தனையோ வருடம் யோசித்து வைத்திருந்தேன். நீ அழுவாய், நான் கதவைச் சாத்துவேன் என்று. வேறு மாதிரி வந்திருக்கிறது. நீ வாயைத் திறக்கிறாய், நான் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

டம்ளரால் இந்த நோய் பரவாது. உனக்கு அன்றைக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

நாட்டுக்கு நோய் இல்லாமல் போக வேண்டும். உனக்கு நோயாளி இல்லாமல் போக வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். "இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லையே?" என்று வாசலில் நின்று கேட்டீர்கள். அப்படிக் கேட்டால் யார் இருக்கிறது என்பார்கள்? உன் வீட்டு வாசலிலும் நீயே நின்று கேட்டுக்கொண்டாய் போல.

தையல்காரரைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. உன்னைப் பற்றியும். பலகையில் எண் மட்டும்தான் எழுதினேன். பெயரை எழுதக் கை எவ்வளவு துடித்தது தெரியுமா? வேலை என்று ஒன்று இருக்கிறதே.

அந்த ஒன்று யார் என்று இந்த வார்டில் உனக்கும் எனக்கும்தான் தெரியும். என் வாய்க்குப் பூட்டு. உன் வாய்க்கு இல்லை.

நீ எழுந்து சொல்வாய் என்று நான் காத்திருக்கவில்லை. சொல்லாமல் இரு. தையல் இயந்திரம் சும்மா நிற்கிற கடையைத் தாண்டித்தான் நீ தினமும் இங்கே வர வேண்டும். தாண்டி வா. வந்து வாயைத் திற. எனக்கு அது போதும்.

சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதே. மாத்திரையின் நிறம்.

இப்படிக்கு,
சுகாதாரப் பணியாளர்

*

ஆகஸ்ட் 30

என் அன்புக் குட்டிக்கு,

நேற்றோடு மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்னபோது உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் எழுந்து பேசிய அந்தக் கூட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. காதில் விழுந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். நான் எழுந்து நின்றது நல்லவள் என்று பேர் வாங்க இல்லை. வரும் வழியில் அந்தத் தையல் கடை பூட்டிக் கிடந்தது, அவ்வளவுதான். "அந்த ஒண்ணு நான்தான்" என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு நாற்காலியாகப் பின்னால் நகர்ந்த சத்தம் இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறுநாள் மளிகைக்கடைக்காரர் சில்லறையைக் கையில் தரவில்லை, கடைப் பலகைமேல் வைத்தார். பள்ளிக்கூடத்தில் என் அறைக்குத் தேநீர் வருவது நின்றது. அத்தான்கூடக் கொஞ்ச நாள் கூடத்தில் படுத்தார். அந்த இரவுகளில் உன் துணி துவைக்கும் அறையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தையல்காரர் கடையை மறுபடி திறந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "டீச்சரம்மா, என் இருமல் வெறும் இருமல்தான்னு ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுங்களேன்" என்றார். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அதற்கப்புறம் மூன்று பேர் தாங்களாகவே சோதனைக்கு வந்து, மூவருக்கும் நோய் உறுதியானதே, என் பள்ளிக்கூடத்து ஆயாவும் ஒருத்தி. பலகையில் 'நான்கு' ஏறிய அன்று சான்றிதழ் தர இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நீ மட்டும் சிரித்தாய். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

இந்தக் காலைகள் எனக்குப் பழகிவிட்டன, குட்டி. இன்று எழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

நேற்று உனக்குத் தெரியாமல் டம்ளரை எடுத்து வந்தேன். அந்தப் புள்ளியை அழித்துவிட்டேன். நகப்பூச்சைக் கரைக்கும் திரவம் போட்டு, சாம்பல் போட்டு, பளபளவென்று தேய்த்திருக்கிறேன். அங்கே ஒன்று இருந்ததே தெரியாது. வருகிற ஞாயிறு சாப்பிட வா. அதில்தான் உனக்குத் தண்ணீர் வைப்பேன். பாப்பா சித்தி சித்தி என்று பறக்கிறாள். முன்வாசல் வழியாக வா.

உன் அக்கா

*

செப்டம்பர் 4

அக்கா,

அழிக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

அழிக்க வேண்டும் என்றால் நானே அழித்திருக்க மாட்டேனா? தின்னர் என்னிடம் எப்போதும் இருக்கிறது. நோய் போய்விட்டது என்ற சீட்டோடு பாப்பாவைப் பார்க்க வந்தேனே, அன்று வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாய்: "இனிமே இங்க வராதே. நாலு பேர் கேப்பாங்க." பாப்பா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். என் சாமான்களை ஒரு பையில் போட்டு நீட்டினாய். அதில் அந்த டம்ளர் இருந்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அந்தப் புள்ளி ஒன்றுதான். நான் அங்கே இருந்தேன் என்பதற்கு வேறு எதுவும் இல்லை.

நீ மறுபடியும் பூஜ்யம் போட்டிருக்கிறாய்.

கூட்டத்தில் எழுந்து நின்றது பெரிய விஷயம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷமா கோபமா தெரியவில்லை. நீ சொல்லாமலே இருந்திருந்தால் எனக்கு வெறுக்க வசதியாக இருந்திருக்கும். அந்த வசதியையும் எடுத்துக்கொண்டாய். அதற்காக மற்றதெல்லாம் இல்லையென்று ஆகிவிடாது. உன்னைக் குணப்படுத்துவது என் வேலை, செய்தேன். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. மன்னிப்பது அந்த வேலையில் சேர்த்தி இல்லை.

பாப்பாவைத் தடுப்பு மாத்திரையை நிறுத்தாமல் போட்டு முடிக்கச் சொல். அவள் என்னைப் பார்க்க விரும்பினால் தானாக வரட்டும். அவளுக்கு மட்டும் கதவு எப்போதும் திறந்திருக்கும்.

டம்ளர் உன்னிடமே இருக்கட்டும். அது இப்போது யாருடையதும் இல்லை.

இனி நீ இங்கே வர வேண்டாம். நாலு பேர் கேட்பார்கள் என்பதால் இல்லை. யாரும் கேட்க மாட்டார்கள். நான்தான் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மட்டும் வா.

இப்படிக்கு,
தங்கை