குய்லியனுக்கு நான் காய்ச்சிய தொண்டைத் தேநீர்

அக்டோபர் 9
காலையில் குய்லியனுக்கு ரத்த அழுத்தம் 164/98. "உன் மூஞ்சியப் பாத்தாலே ஏறுது, கிழவா," என்றாள் கைப்பட்டையை உருவிக்கொண்டே. முப்பத்தைந்து வருடமாக இதே மூஞ்சிதான்.

காலையில் இதய டாக்டர் ஔயாங் தந்த மாத்திரை. சாயங்காலம், அதே ஆஸ்பத்திரியில் ஒரு மாடி மேலே இருக்கும் சீன வைத்தியப் பிரிவின் டாக்டர் தெங் எழுதித் தந்த கஷாயம். அவரிடம் போவது இவருக்குத் தெரியாது, இவரிடம் வருவது அவருக்குத் தெரியாது. சொன்னால் இருவருமே திட்டுவார்கள் என்கிறாள் குய்லியன்.

அக்டோபர் 12
ஆற்றங்கரை மண்டபத்தில் நாடகக் குழுவின் ஒத்திகை. அறுபத்தொரு வயதில் அவளுக்கு முக்கிய வேடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாத முடிவில் மலையடி ஊர் ஒன்றில் ஆட்டம்.

ஆகஸ்ட்டில் தொண்டை கட்டியதிலிருந்து தினமும் ஒரு ஃப்ளாஸ்க் நிறைய சாமந்திப்பூவும் அதிமதுரமும் போட்டுக் காய்ச்சித் தருகிறேன். சர்க்கரையை நிறுத்திவிட்டதால் இனிப்புக்காக அதிமதுரம் ஒரு கை கூடுதல். கூட ஆடும் பெண்களிடம் ஃப்ளாஸ்க்கைக் காட்டி, "உங்க வீட்டுக்காரங்களுக்கு இது வருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்காது என்று நினைத்தாள்.

அக்டோபர் 20
172/100. ஔயாங் இன்னொரு மாத்திரை சேர்த்திருக்கிறார், நீர் பிரியவைப்பது. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

அக்டோபர் 27
கணுக்கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. படியேறும்போது இரண்டு முறை நின்றாள். வீட்டுக்குள் வந்ததும் பாட ஆரம்பித்துவிட்டாள், நான் எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று.

நவம்பர் 2
ஒத்திகையில், மண்டியிடும் காட்சியில் மண்டியிட்டவளால் எழுந்திருக்க முடியவில்லை. கால் பஞ்சு மாதிரி துவண்டுவிட்டது. நாலு பேர் தூக்கினோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள் – பொட்டாசியம் மிகமிகக் குறைவு. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகியிருக்கும் என்றார் ஔயாங். வார்டில் சேர்த்திருக்கிறார்கள்.

ஒண்ணும் ஓடல. இவ இல்லாம எனக்கு என்ன தெரியும்? வீட்டு மின்சார அட்டை எங்க இருக்குன்னுகூடத் தெரியாது.

நவம்பர் 3
அவளைக் கேட்காமல் எல்லா மாத்திரையையும் கஷாயப் பொட்டலங்களையும் பையில் போட்டு எடுத்துப்போய் ஔயாங்கின் மேஜையில் வைத்தேன். திட்டவில்லை. போன் செய்து தெங்கைக் கீழே வரச் சொன்னார். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தன் சீட்டை வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"இதுல பொட்டாசியத்தை இறக்குறது எதுவும் இல்லையே. வேற என்ன குடிக்கிறாங்க?"

வேறு ஒன்றுமில்லை என்றேன். பிறகு, தொண்டைக்கு வெறும் தேநீர்தான் என்றேன். என்ன போடுவீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அதிமதுரம் எவ்வளவு? கையைக் குவித்துக் காட்டினேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தினமும் அவ்வளவு உள்ளே போனால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொள்ளுமாம், பொட்டாசியத்தை வெளியே தள்ளுமாம், அழுத்தம் ஏறுமாம். புது மாத்திரை மிச்சத்தையும் வடித்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த மாத்திரைய எழுதியிருக்கவே மாட்டேன்," என்றார் ஔயாங். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

மூன்று மாதம். என் கையால்.

நவம்பர் 4
அவளிடம் சொன்னேன். ஆரஞ்சு ஒன்றை எடுத்து, நார் நாராக, ரொம்ப நேரம் உரித்தாள்.

"டாக்டர்கிட்ட ஒண்ணுமில்லைன்னு சொன்னது யாரு? நான்தானே," என்று பழத்தைப் பிட்டு என் பக்கம் நீட்டினாள். "ஆளுக்குப் பாதி. தின்னு."

தின்றேன்.

நவம்பர் 8
வீட்டுக்கு வந்துவிட்டோம். தேநீர் நின்றது, நீர் மாத்திரையும் நின்றது. இப்போது ஒரே தாள் – பழைய மாத்திரை காலையில், தெங் மாற்றி எழுதிய கஷாயம் சாயங்காலம், கீழே இரண்டு கையெழுத்து. எது புதிதாக வாய்க்குள் போனாலும் இருவருக்கும் சொல்ல வேண்டும்.

நவம்பர் 17
148/90. செருப்பு பழையபடி காலில் நுழைகிறது.

நவம்பர் 24
138/86. ஆடப் போகலாம் என்றார் ஔயாங். தெங்குக்கு நாடகம் பிடிக்குமாம். குய்லியன் தெங்கின் அறையிலேயே இரண்டு வரி பாடிக் காட்ட, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நவம்பர் 30
குழு நேற்றே கிளம்பிவிட்டது. எனக்குச் சளி. மலைக்குளிரில் வரவே கூடாது என்று தடுத்துவிட்டாள். மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். நாலு மணிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. பின்னால் ஒரே ஜால்ராச் சத்தம். எப்படி ஆடினாய் என்று கேட்க வாயெடுத்தேன்.

"நூத்தி முப்பத்திரண்டுக்கு எண்பத்திநாலு," என்றாள். "மண்டி போட்டேன், எந்திரிச்சேன். யாரும் கைகுடுக்கல. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தேன்.