ஷ்ரவ்யா எழுதிய நாலு வரி

அன்புள்ள சபரீஷ் கண்ணுக்கு,

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன். உன் தங்கச்சியைப் பற்றிப் போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

சமீரா டீச்சர் பிளஸ் ஒன் பிள்ளைகளை இணையத்தில் கணக்குத் தொடங்கி, அன்றன்று படித்த வேதியியலை நாலு வரியில் எழுதிப் போடச் சொன்னது உனக்குத் தெரியும். வகுப்பில் வாயே திறக்காத ஷ்ரவ்யா அதில் என்னமாய் எழுதினாள்! டெல்லியில் யாரோ ஒரு பேராசிரியர் அவள் கேள்விக்குப் பதில் போட்டபோது, சோற்றைக்கூட மறந்து அதையே எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அமிலம் பாடம் வந்ததும், தெருவுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் நீல லிட்மஸ் தாளை நனைத்து, அது சிவந்ததைப் படம் எடுத்து நாலு வரியோடு போட்டாள். படத்தில், அந்தச் சாக்கடையில் கழிவுத் தண்ணீர் விடும் சென்னியப்பன் மாமாவின் முலாம் பூசும் பட்டறைப் பெயர்ப்பலகையும் விழுந்துவிட்டது. அவள் பக்கத்தைப் பார்ப்பது வகுப்புப் பிள்ளைகளும் வெளியே ஒன்றிரண்டு பேரும்தான், நீதான் பெருமையில் என் தங்கச்சி என்று அவள் போட்டோவையும் சேர்த்து உன் பக்கத்தில் பகிர்ந்தாய், அது ஊரெல்லாம் போய்விட்டது. குற்றமாகச் சொல்லவில்லை கண்ணு, நடந்ததைச் சொல்கிறேன்.

அதிகாரிகள் வந்து தண்ணீரைச் சோதித்துப் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். சென்னியப்பன் சத்தம் போடவில்லை, வாசலிலேயே நின்று, "ஏனுங்க அக்கா, புள்ளை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சரி பண்ணியிருப்பனுங்களே" என்றார். பண்ணியிருப்பாரோ மாட்டாரோ, யார் கண்டது. அங்கே வேலை பார்த்த பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஷ்ரவ்யாவின் போட்டோவை வைத்து முகம் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் என் கையால் எழுத முடியாது. டீச்சரை அவர் பெயரை வைத்தே மதத்தை இழுத்து ஒரு கூட்டம் திட்டியது, பள்ளிக்கூடமும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. போகும்முன் வீட்டுக்கு வந்தார். "அவ எழுதுனதுல ஒரு தப்பும் இல்லீங்கம்மா, படத்துல என்னென்ன விழுந்திருக்குன்னு நாந்தான் பாக்காம உட்டுட்டேன்" என்று அழுதார்.

ஷ்ரவ்யா அழவில்லை. "தாள் செவந்துச்சு, செவந்துச்சுன்னு எழுதுனேன். நான் பொய் சொன்னனாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், நானும் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். போன வாரம் அவளே போய் அறிவியல் வேண்டாம், காமர்ஸுக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. வேதியியல் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துப்போட்டாள்.

நீ இன்னும் அவளுக்காகச் சண்டை போட்டு எழுதுகிறாயாம், அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார். வேண்டாம் சாமி. நீ எழுதும் ஒவ்வொரு முறையும் அவள் முகம் மறுபடி வெளியே வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, நீ எந்தக் குறையும் இல்லாமல் நல்லா இருக்கணும். இதைப் படித்ததும் முதலில் உன் பக்கத்தில் அவளைப் பற்றிப் போட்டதையெல்லாம் நீக்கிவிடு, பிறகு அவளைக் கூப்பிடு. உடனே போனை எடுக்கமாட்டாள், விடாதே. எடுத்தால் தைரியம் சொல்லாதே, அவள் கேட்டதற்குப் பதில் சொல். எங்களால் முடியவில்லை.

உன் அம்மா,
கோமளா