முன்பக்கத்துக்கு இந்த வருஷம் பெயிண்ட் இல்லை

ஸார்,

இன்று காலை முதல் மழை இறங்கிவிட்டது. சன்னலைத் திறந்தால் புதுப் பெயிண்டும் நனைந்த சிமெண்டும் கலந்த வாசனை. போன வாரம்தான் சாரத்தைப் பிரித்து, மூங்கிலையெல்லாம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் கட்டடத்தின் பின்பக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்க்க முடியாமல் போய்விட்டதில் எனக்குப் பாதி வருத்தம், பாதி சந்தோஷம். பொய் சொல்வானேன், சந்தோஷம்தான் கொஞ்சம் கூடுதல்.

இறந்தவர்களுக்கு மடல் எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். உங்களைப் பற்றி அப்படிச் சொல்ல நிறைய ஆட்கள் இருந்தார்கள். மாதுங்காவில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துப் பேசினார்கள். அவர்கள் விட்டுவிட்டதை நான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழில்தான் படித்தேன். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். கொஞ்சம் சிரமப்படுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். எங்களைத் தாராவியிலிருந்து செம்பூருக்குக் கொண்டுவந்தது நீங்கள்தான். டிராம்பேயில் நீங்கள் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். என் கணவர் செல்லையா அதே கம்பெனியில் ஃபிட்டர். இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் விலைக்கு வருகிறது என்று அவரிடம் சொன்னதும், லோனுக்குக் கையெழுத்துப் போட்டதும் நீங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே எங்கள் வாசல். உங்களுக்கு முன்பக்கம், தெருவைப் பார்த்த பால்கனி. எங்களுக்குப் பின்பக்கம், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயைப் பார்த்த சன்னல். அந்தச் சன்னல் கிடைத்ததற்கே நாங்கள் இரண்டு பேரும் சாமி கும்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்புடத்தோடு வந்து நிற்பீர்கள். "உன் எள்ளு மிளகாய்ப்பொடி தீர்ந்துபோச்சும்மா" என்பீர்கள். உங்கள் குரல் கேட்டதும் என் கணவர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார். நீங்கள் உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். பல நாள் நீங்கள் சொல்ல மறந்துபோவீர்கள்.

பிறகு அந்தப் பெயிண்ட் வருஷம் வந்தது. நம் கட்டட சொசைட்டிக்கு நீங்கள் செகரட்டரி. வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது என்றால் பெயிண்ட் டப்பாவின் விலை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. பாசியைச் சுரண்ட வேண்டும். சிமெண்ட் பூச்சில் விட்ட வெடிப்புகளைக் கீறித் திறந்து அடைக்க வேண்டும். பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். இதற்கெல்லாம் முன்னால் நாலு பக்கமும் மூங்கில் கட்ட வேண்டும். மூங்கிலும் கூலியுமே பாதிப் பணத்தைத் தின்றுவிடும். எல்லா வீட்டுக்கும் ஒரே பங்கு என்றீர்கள். முன்பக்கத்து மூலை வீடான உங்களுக்கு இரண்டு வெளிச்சுவர், எங்களுக்கு ஒன்று. அதற்கு நான் வாயைத் திறக்கவில்லை. கட்டினோம். ஓவர்டைம் பார்த்துக் கட்டினார் அவர்.

பணம் போதவில்லை. அப்போது நீங்கள் ஒரு கணக்குப் போட்டீர்கள். முன்பக்கத்துக்கு வரிவரியாகப் புடைத்து நிற்கும் டெக்ஸ்சர் வேலை, க்ரீமும் காப்பி நிறமும். வாசலுக்கு மேலே கட்டடத்தின் பெயர், அதற்குக் கீழே ஆனரரி செகரட்டரி என்று உங்கள் பெயர். பின்பக்கத்துக்கு ஒரு கழுவல், ஒரே ஒரு கோட். வெடிப்பைத் தொடவே வேண்டாம்.

மீட்டிங்கில் நான் எழுந்து நின்றேன். அதுவரை நான் எந்த மீட்டிங்கிலும் எழுந்ததில்லை.

"ஸார், எங்க பக்கம் பூச்சு வெடிச்சிருக்கு. அதை அடைக்காம மேல பெயிண்ட் அடிச்சா என்ன பிரயோசனம்?"

"பின்னாடி யாரும்மா பார்க்கப் போறா? நாலாவும் எலியும்தான் பார்க்கும்."

"மழை பார்க்கும் ஸார். மேக்க இருந்துதான அடிக்கி. முன்னாடி ஒரு சொட்டு விழாது. எல்லாம் எங்க சுவர்லதான்."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாராவியிலேர்ந்து வந்தவாளுக்கு ஈரம் என்ன புதுசா?"

எல்லோரும் சிரித்தார்கள் ஸார். மூன்றாவது மாடிக்காரர், கீழ்வீட்டு டாக்டர், கணக்கெழுத வந்த பெண் எல்லோரும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவரும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் என்றைக்கோ உதறிவிட்டேன். அவரைச் சிரிக்க வைத்தீர்களே, அதை என்னால் உதற முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "நீங்க ஏன் சிரிச்சீக?"

"எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா நல்லாவா இருக்கும்? விடுளா. வீடு வாங்கித் தந்த மனுசன்."

அந்த மழைக்காலத்தில் எங்கள் சுவர் உள்பக்கம் ஊற ஆரம்பித்தது. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. ஆடி மாதத்துக்குள் கட்டில் நீளத்துக்குப் படர்ந்துவிட்டது. கறுப்பாகப் பூஞ்சை பூத்து, துடைக்கத் துடைக்க வந்தது. அவருக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. கட்டிலைத் தள்ளிப் போடலாம் என்றால் பத்தடி அறையில் எங்கே தள்ள? பீரோவை வெளியே வைத்தால் தையல் மெஷினுக்கு இடம் இல்லை. அந்த மெஷினில் பிளவுஸ் தைத்துத்தான் மருந்துக் கடைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். தாளுக்குப் பின்னால் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது.

உங்களைக் கூட்டிவந்து காட்டினேன். நினைவிருக்கிறதா? தாளை விலக்கி ஒரு விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்தீர்கள். விரலை முகர்ந்தீர்கள். கட்டிலில் அவர் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார், நீங்கள் வந்திருக்கிறீர்களே என்று.

"ஃபேனைப் போட்டு விடும்மா. காஞ்சுடும்" என்றீர்கள். எங்கள் வாஷ்பேசினில் கையைக் கழுவிக்கொண்டு போனீர்கள். சோப்பு எடுத்து இரண்டு தடவை கழுவினீர்கள்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். ஈரம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன். பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்டவள் நான். நீங்கள் துக்கத்துக்கு வந்தீர்கள். "செல்லையா மாதிரி ஒரு ஆத்மா கிடைக்காது" என்று கண்ணைத் துடைத்தீர்கள். உங்களுக்கு உட்கார நாற்காலி போட்டது நான்தான். அன்றைக்கு உங்கள்மேல் கத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அப்போது வராத வாய்தான் இப்போது எழுதுகிறது.

பிறகு பத்து வருஷம் எதிரெதிர் வாசலில் இருந்தோம். பார்த்தால் தலையசைப்பீர்கள், நானும் அசைப்பேன். மிளகாய்ப்பொடி மட்டும் நின்றுபோனது. ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

போன வருஷம் உங்கள் முறை வந்தது. பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டீர்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் உங்கள் சமையலறையில் நின்று காப்பி போட்டது நான். உங்கள் வீட்டு மாமி கேட்டுக்கொண்டார். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது உங்கள் ஹால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. சுவர் காய்ந்து கிடந்தது. கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அங்கேயே, உங்கள் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோதே, நான் முடிவுசெய்துவிட்டேன்.

செகரட்டரி வேலைக்கு உங்களுக்குப் பிறகு ஆள் இல்லை. ஆளாளுக்கு ஆபீஸ், டிராஃபிக் என்று நழுவினார்கள். நான் கையைத் தூக்கினேன். இங்கிலீஷ் கடிதங்களைக் கல்யாணில் இருக்கிற என் மகள் எழுதித் தருகிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் இந்தக் கடிதம் நமக்குள்தான்.

இந்தக் கோடையில் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்தே ஆகவேண்டும் என்ற நிலை. பெயிண்ட் கான்ட்ராக்ட் எடுக்கிற தாராவிப் பையன் முருகேசனை அழைத்தேன். பையன் என்கிறேன், அவனுக்கே நரைத்துவிட்டது. கட்டடத்தைச் சுற்றி வந்து டேப் பிடித்துக் கொட்டேஷன் கொடுத்தான். பார்த்ததும் தலை சுற்றியது.

"யக்கா, போன தடவைக்கு இப்ப ரேட்டு டபுளுக்கு மேல. மூங்கில் ரேட்டு, மிஸ்திரி கூலி எல்லாம் ஏறிட்டு. சொசைட்டி கைல இருக்க துட்டுக்கு ஒரு சைடுதான் பக்காவா பண்ண முடியும். எந்த சைடுன்னு சொல்லிருங்க."

அந்தக் கேள்வி என் காதில் தேனாகப் பாய்ந்தது ஸார். இருந்தாலும் நான் மட்டும் முடிவுசெய்தால் உங்கள் மாதிரி ஆகிவிடும். மீட்டிங் போட்டேன்.

முன்பக்கத்து வீட்டுக்காரர்கள் துள்ளினார்கள். மூன்றாவது மாடிக்காரரின் மகன் சொன்னான், "ஆன்ட்டி, ஃப்ரண்ட் லுக் இல்லேன்னா ஃபிளாட்டுக்கு பாவ் கிடைக்காது, நல்ல ரேட்டுக்கே போகாது. பீச்சே கோன் தேக்தா ஹை?" பின்னால் யார் பார்க்கிறார்கள்! உங்கள் வார்த்தையையே இந்தியில் கேட்டேன். ஒரு நிமிஷம் நீங்களே வந்து உட்கார்ந்திருக்கிறீர்களோ என்று தோன்றியது.

"மழை பார்க்குதுப்பா. யாருக்காவது சந்தேகம் இருந்தா பின்னாடி வீட்டுச் சுவத்துல கை வச்சுப் பார்த்துட்டு வாங்க. பூட்டு இல்லை, எல்லா வீடும் திறந்துதான் இருக்கு."

யாரும் எழுந்து போகவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவும் இல்லை. கை தூக்கச் சொன்னேன். பின்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் பின்பக்கத்துக்கு, முன்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் முன்பக்கத்துக்கு. சரிக்குச் சரி. மாமி மட்டும் பாக்கி. கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன். உங்கள் மனைவி, உங்கள் பெயர் எழுதிய சுவர்.

மாமி மெதுவாகக் கையைத் தூக்கினார். "பின்பக்கமே பண்ணட்டும்" என்றார்.

படியேறும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமி, உங்களுக்கு என் மேல கோபம் இல்லியா?"

"எனக்கென்னடி கோபம்? முன்பக்கம் பார்க்க லட்சணமா இருக்கணும்னு அந்த மனுஷன் அந்த பால்கனியில ஒரு துண்டு காயப்போட விட்டதில்லை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடுக்களைக்குள்ள கொடி கட்டி, ஈரத்துணி தலையில சொட்டச் சொட்டத்தான் சமைச்சேன். ஈரம் உன் ஆத்துல மட்டும்தான்னு நினைச்சியா?"

இத்தனை வருஷமும் நேர் எதிர் வீட்டில் இருந்தேன், அவருடைய பிளவுஸ்களை நானே தைத்தேன், இது எனக்குத் தெரியாது. உங்கள் கணக்கில் இன்னொரு வரி ஏறியது.

வேலை நடந்தபோது நான் தினமும் கீழே நின்றேன். வெடிப்பு ஒவ்வொன்றையும் கீறித் திறக்கவைத்தேன். இரண்டு கோட்டுக்கு நடுவில் காயவிட்டார்களா என்று பார்த்தேன். கடைசி நாள் முருகேசன் முன்வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"யக்கா, மிச்சப் பெயிண்ட் இருக்கு. அந்தப் பழைய செகரட்டரி பேர மட்டும் அடிச்சு மறைச்சிரவா? துட்டு ஒண்ணும் வேண்டாம்."

"வேண்டாம்பா. அது அப்படியே இருக்கட்டும். நல்லாத் தெரியட்டும்."

நீங்கள் ஆசைப்பட்டுப் போட்ட டெக்ஸ்சரின் வரிகளில் செம்பூரின் புகையும் தூசியும் குடியேறிவிட்டன ஸார். க்ரீம் நிறம் பழைய எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆகிவிட்டது. உங்கள் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கிறது. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். பெயரையும் சுவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். மாமியின் பால்கனி அதற்கு நேர் மேலே. அங்கே அவர் இப்போது கொடி கட்டியிருக்கிறார். நேற்றுக்கூடப் புடவையைப் பிழியாமலே போட்டார். அது உங்கள் பெயர்மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் காய்கறிப் பையோடு எதிர் ஃபுட்பாத்தில் நின்று கண் நிறையப் பார்த்தேன்.

என் கணவர் இருந்திருந்தால் "விடுளா" என்றுதான் சொல்லியிருப்பார். நான் விடவில்லை. விடப்போவதும் இல்லை. வீடு வாங்கித் தந்தீர்கள், அதற்கு நன்றி. அந்த நன்றியையும் இந்தக் கோபத்தையும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை, கணக்கு ஆபீசர் நீங்கள்தானே. இரண்டையும் வைத்திருக்கிறேன். கூடவே, அந்த மீட்டிங்கில் அவர் சிரித்த சிரிப்பும் இருக்கிறது. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் அவர் ஒரு நொடி கூடுதலாகச் சிரித்தார்.

இந்த மடலை எழுதும்போதே மழை வலுத்துவிட்டது. மேற்கேயிருந்துதான் அடிக்கிறது. சற்றுமுன் எழுந்துபோய்க் கட்டில் கிடந்த இடத்தில் நின்று, சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது ஸார். ஃபேனைப் போடவில்லை.